பேத்தி பேரைக் கூப்பிட்டாங்க!



பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிற அன்று, வீட்டு வேலையைக் காரணம் காட்டி அம்மாக்கள் போகாமல் இருந்துவிடலாமா என்று இந்தப் பகுதியில் அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். 'முதல் பரிசு என்றால் போகலாம், ஆறுதல் பரிசுக்கெல்லாம் லீவு போட முடியுமா?' என்று கேட்கிற அப்பாக்களும் உண்டு. எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்தது. ஊர்தான் வேறே, பேச்சு அதேதான். அதனால் என் பங்குக்கு நானும் எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிவகங்கைப் பக்கத்துப் பெண். 2010-ல் இவருக்கு வேலை கிடைத்து அமெரிக்காவில் நியூ ஜெர்சிக்கு வந்தோம். அப்போது பெரியவளுக்கு 4 வயது. கையில் ஒரு மரப்பாச்சியும் மூக்கில் சளியுமாக விமானத்தில் வந்தவள். சின்னவன் இங்கே வந்து பிறந்தவன். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

இங்கே அரசாங்கப் பள்ளிகளில் 12-ம் வகுப்புப் பிள்ளைகளை 'சீனியர்' என்பார்கள். கறுப்பு அங்கி, தட்டைத் தொப்பி போட்டுக்கொண்டு சான்றிதழ் வாங்கும் பட்டமளிப்பு விழா ஜூன் கடைசியில் நடக்கும். அதற்குச் சில வாரம் முன்னால், ஒரு நாள் சாயங்காலம் 'சீனியர் அவார்ட்ஸ் நைட்' என்று தனியாக ஒரு விழா. நம் ஊர் ஆண்டு விழா மாதிரி நாடகம், நடனம், மாறுவேடம் எதுவும் கிடையாது. இரண்டு மணி நேரம் பேர் வாசிப்பார்கள். பிள்ளைகள் மேடையேறிக் கை குலுக்கி உறை வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். அவ்வளவுதான். ஆனாலும் ஊரே வந்து உட்கார்ந்திருக்கும்!

எல்லாருக்கும் அழைப்பு வராது. பரிசு உள்ள பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் மே மாதத்தில் ஒரு கடிதம் வரும். 'உங்கள் பிள்ளை கௌரவிக்கப்படுவார், வரவும்' என்று இருக்குமே தவிர, எதற்காக, எவ்வளவு என்று ஒரு வார்த்தை இருக்காது. 2024 மே மாதம் எங்களுக்கும் அந்தக் கடிதம் வந்தது.

வந்ததும் நான் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். இவர் படித்துப் பார்த்துவிட்டு, "நீ போயிட்டு வா. எனக்கு அன்னிக்கு மீட்டிங் இருக்கு" என்றார்.

மீட்டிங் ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் மனசில் இருந்தது வேறே. அந்த மேடையில் பேர் வாசிக்கும்போது, பிள்ளை அடுத்து எந்தக் கல்லூரிக்குப் போகிறது என்பதையும் சேர்த்து வாசிப்பார்கள். கையில் கொடுக்கிற நிகழ்ச்சிப் புத்தகத்திலும் அச்சடித்திருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் அதே வகுப்பு. அந்தப் பிள்ளைகள் போகிற கல்லூரிகளின் பேரை நம் ஊரில் டீக்கடையில் சொன்னாலும் தெரியும். எங்கள் பெண் போகப் போவது எங்கள் மாவட்டத்தின் இரண்டு வருடக் கல்லூரி. இங்கே 'கவுன்டி காலேஜ்' என்பார்கள். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். இரண்டு வருடம் அங்கே படித்து நல்ல மார்க் வாங்கினால், மூன்றாம் வருடத்திலிருந்து பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். செலவு பாதிக்குப் பாதி குறையும்.

மார்க் குறைந்து அங்கே போகவில்லை. வேறொரு பெரிய கல்லூரியிலிருந்து 'வா' என்று அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. சேர்க்கத்தான் வழியில்லை.

நாங்கள் இங்கே இருப்பது இவருடைய வேலை விசாவில். பெண் இருப்பது அப்பாவைச் சார்ந்த விசாவில். எச்-4 என்று பேர். அந்த விசாவில் பள்ளிக்கூடம் போகலாம், கல்லூரி போகலாம், படிக்க ஒரு தடையும் இல்லை. ஆனால் அமெரிக்க அரசாங்கம் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கிற உதவித்தொகையோ கடனோ கிடைக்காது. சம்பளத்துக்கு வேலை பார்க்கவும் கூடாது. அவளுடைய சிநேகிதிகள் கோடை விடுமுறையில் ஐஸ்கிரீம் கடையில் நின்று ஆயிரம், இரண்டாயிரம் டாலர் சேர்த்தபோது இவள் நூலகத்தில் காசில்லாமல் புத்தகம் அடுக்கினாள். என்னைப் போன்ற மனைவிமார்களில் சிலருக்கு, கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால் வேலை பார்க்கலாம் என்று 2015-ல் விதி வந்தது. அதனால்தான் நான் ஒரு மழலையர் பள்ளியில் ஆயா வேலை பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு அந்த விதி பொருந்தாது.

கிரீன் கார்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதற்குத்தான் வரிசை. வேலை அடிப்படையில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 பேருக்குக் கொடுக்கிறார்கள்; எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் சாதாரணமாக அதில் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். சின்ன நாட்டுக்கும் 7, நம் நாட்டுக்கும் 7! நம் ஆட்கள்தான் ஏராளமாக விண்ணப்பித்திருக்கிறார்களே, வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டு கிடக்கிறது. இவர் 2014-ல் போட்ட மனுவுக்கு, விழா நடந்த 2024 ஜூனிலும் முறை வரவில்லை. இதிலே இன்னொன்று, பிள்ளைக்கு 21 வயது முடிந்தால் அப்பாவின் விசாவிலிருந்து கழன்றுவிடும். அதற்குப் பிறகு அவளாக மாணவர் விசாவோ வேறெதுவோ வாங்கிக்கொள்ள வேண்டும். நான்கு வயதில் வந்த பிள்ளைக்கு, இந்த ஊர் மண்ணிலேயே பல் விழுந்து பல் முளைத்த பிள்ளைக்கு!

ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்த இரண்டு பேரில், இங்கே பிறந்ததால் தம்பி இந்த நாட்டுக் குடிமகன். அவனுக்கு எல்லாப் படிவமும் செல்லும். அக்காவுக்குச் செல்லாது. இதை எட்டு வயதுப் பையனுக்கு எப்படிப் புரியவைப்பது? ஒரு நாள் அவன், "அக்காவை நான் தத்து எடுத்துக்கலாமா?" என்று கேட்டான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

பள்ளியில் இந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்டவென்று ஓர் ஆலோசகர் அம்மாள் உண்டு. உதவித்தொகைப் படிவங்கள் ஒரு கட்டு வந்தது. அந்த அம்மாளும் என் பெண்ணும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டி, 'குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள் மட்டும்' என்று இருப்பதையெல்லாம் ஒரு பக்கம் எடுத்து வைத்தார்களாம். கட்டு கரைந்து, அரிசியில் கல் பொறுக்கின மாதிரி ஏழெட்டுதான் மிஞ்சியது. அந்த ஏழெட்டுக்கும் இவள் எழுதிப் போட்டாள். எதுக்கு என்ன எழுதினாள் என்று எங்களிடம் காட்டவில்லை. "வந்தா சொல்றேம்மா" என்றாள்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கடிதம் வந்தது; இவரும் மீட்டிங் என்றார்.

என் மாமியார் அப்போது இங்கே வந்திருந்தார்கள். ஆறு மாதத்துக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துப் போக வந்தவர்கள். வந்ததிலிருந்து "இந்த ஊர்ல வாசல்ல உக்காந்தா ஒரு மனுசர் போகக் காணோம்" என்று ஒரே குறை. மகன் சொன்னதைக் கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்தவர்கள், நிமிராமல் சொன்னார்கள்:

"எந்தப் படிப்போ, என்ன பரிசோ எனக்கு என்னத்தத் தெரியும்? எம் பேத்தி பேரை மைக்குல கூப்பிடுவாகன்னா நான் போவேன். நீ மீட்டிங்குக்குப் போ."

அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையோடு கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்!

மாமியார் அரக்கு நிறச் சுங்குடிச் சேலை, காலில் சாக்ஸ், மேலே என்னுடைய குளிர்ச்சட்டை. ஜூன் மாதமென்றாலும் அந்த அரங்கத்தில் ஏ.சி. நடுக்கும். பெண் எங்களோடு உட்காரவில்லை. பரிசு வாங்குகிறவர்களுக்கு முன்னால் தனி வரிசை. எங்களுக்குப் பின்வரிசையில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள். ஒரு அம்மா குனிந்து, "உங்க பொண்ணு எங்க போறா?" என்று கேட்டார். கேட்பார் என்று தெரியும். பதிலும் தயாராக வைத்திருந்தேன். கல்லூரியின் பேரைச் சொன்னேன். "ஓ... பக்கத்துலயே! நல்லதுதான்" என்றார். அந்த 'ஓ'வுக்கும் 'நல்லதுதானு'க்கும் நடுவில் இருந்த இடைவெளி இருக்கிறதே, அதை நம் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கொடி வணக்கம், தேசிய கீதம். 'எல்லாருக்கும் கடைசியில் சேர்த்துக் கை தட்டுங்கள்' என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். யார் கேட்டார்கள்? முதல் பேருக்கே விசில்!

முதலில் மார்க்குக்கான பரிசுகள். வகுப்பிலேயே முதல் மாணவருக்கு 'வாலிடிக்டோரியன்' என்று பட்டம். விடை பெறும் உரை ஆற்றுகிறவர் என்று அர்த்தமாம். பட்டமளிப்பு அன்று பேசும் உரிமை அவருக்கு. அப்புறம் 'நேஷனல் மெரிட்' என்று 1955-லிருந்து நடக்கிற ஒரு போட்டி. நாடு முழுக்க 11-ம் வகுப்பில் ஒரு பரீட்சை எழுதிய பிள்ளைகளில் சுமார் 16,000 பேரை அரையிறுதிக்குப் பொறுக்குகிறார்கள். அதில் ஜெயித்தால் நேராகத் தரும் தொகை 2,500 டாலர். கல்லூரிச் செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது; ஆனாலும் பேருக்கு மதிப்பு. பின்வரிசை அம்மாவின் மகன் அதை வாங்கினான். நானும் எழுந்து நின்று கை தட்டினேன். நல்ல பையன், சின்ன வயதில் எங்கள் வீட்டில் பணியாரம் தின்று வளர்ந்தவன்.

எனக்கு இந்தச் சமயத்தில் நம் ஊர் ஞாபகம் வந்தது. நான் 1994-ல் பிளஸ் டூ எழுதியவள். மாநிலத்தில் முதல் மூன்று இடம் வாங்கிய பிள்ளைகளின் படம், அப்பா அம்மா லட்டு ஊட்டுகிற படம் எல்லாம் பத்திரிகையில் வரும். அதை வெட்டி வைத்துக்கொண்டு நம்மைத் திட்டுவார்கள்! அந்த ராங்க் பட்டியல் அறிவிக்கிற வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. நிறுத்தியது நல்லது என்பது என் கட்சி. நான் படித்த காலத்தில் ஆண்டு விழாப் பரிசு என்றால் எவர்சில்வர் டம்ளர், சோப்பு டப்பா. தமிழ்க் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசாக எனக்கும் ஒரு சோப்பு டப்பா கிடைத்தது. அன்றைக்கு மாடு கன்று போடுகிற நேரமென்று அம்மா வரவில்லை. பஸ் கண்டக்டரான அப்பா டியூட்டியை மாற்றிக்கொண்டு, காக்கிச் சட்டையோடு கடைசியில் நின்றார். அந்த டப்பா இன்றைக்கும் அம்மா வீட்டில் ஊசி நூல் டப்பாவாக இருக்கிறது. மூடியில் என் பேர் பொறித்தது அழியவில்லை.

மேடைக்கு வருகிறேன். மார்க் பரிசுகள் முடிந்ததும் ஒரு ராணுவ அதிகாரி விறைப்பாக ஏறினார். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்குத் தேர்வான ஒரு மாணவியை அழைத்தார். நாலு வருடப் படிப்பும் இலவசம்; முடித்ததும் குறைந்தது ஐந்து வருடம் ராணுவத்தில் வேலை செய்ய வேண்டும். அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. அந்தப் பெண்ணின் அம்மா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். பெருமையா பயமா என்று பிரிக்க முடியாத ஒரு முகம்.

அப்புறம்தான் ஊர்க்காரர்கள் கொடுக்கும் பரிசுகள். எனக்குப் பிடித்ததே இந்தப் பகுதிதான். ஆசிரியர் சங்கம், போலீஸ்காரர்கள் சங்கம், பெற்றோர் ஆசிரியர் கழகம், அரிமா சங்கம், பூக்கடைக்காரர் என்று ஒவ்வொருவராக ஏறி 250, 500, 1000 டாலர் என்று கொடுத்தார்கள். எலக்ட்ரிக் வேலை கற்கப் போகிற பையனுக்கும், முடி திருத்தும் பயிற்சிக்குப் போகிற பெண்ணுக்கும் பரிசு உண்டு. 12 வருடத்தில் ஒரு நாள்கூட லீவு போடாத பையனுக்கும் உண்டு. அவனைவிட அவன் அம்மாவுக்குத்தான் அதைக் கொடுத்திருக்க வேண்டும்!

பிறகு நினைவுப் பரிசுகள். இறந்துபோன தங்கள் பிள்ளையின் பேரிலோ, அம்மா அப்பா பேரிலோ ஒரு குடும்பம் பணம் போட்டு, வருடா வருடம் ஒரு மாணவருக்குக் கொடுப்பது. நம் ஊர்ப் பள்ளிகளிலும் 'அன்னாரின் நினைவாக' என்று அறக்கட்டளைப் பரிசு உண்டல்லவா, அது மாதிரி. இங்கே அந்தக் குடும்பத்தாரே மேடையேறித் தங்கள் கையால் கொடுக்கிறார்கள். என் மாமியாருக்கு நான் காதோடு மொழிபெயர்த்தேன். "நல்ல பழக்கந்தான்த்தா. நம்ம ஊர்ல கோயிலுக்கு டியூப் லைட்டு வாங்கிக் குடுத்துட்டு, உபயம்னு அது மேலயே எழுதி வெளிச்சத்தை மறைச்சுருவாக" என்றார்கள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

அப்போது ஒரு வயதான தம்பதி மேடையேறினார்கள். கணவர் கையில் கோல். அந்த அம்மாளுக்குப் பஞ்சு மாதிரித் தலைமுடி, எழுபதுக்கு மேல் இருக்கும். அவர்களுடைய மகன் இதே பள்ளியில் 12-ம் வகுப்புப் படிக்கும்போது, 1998-ல், பனி உறைந்த சாலையில் கார் சறுக்கி இறந்துபோனவன். இது எனக்கு நிகழ்ச்சிப் புத்தகத்தில் படித்துத் தெரிந்தது. அந்த அம்மாள் மேடையில் விபத்தைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. கணவர் ஒலிபெருக்கியைச் சரிசெய்து கொடுத்தார், அவர் பேசினார். அவர்களுடைய மகன் பெரிய படிப்பாளி இல்லையாம். விளையாட்டும் சுமார்தானாம். மதியச் சாப்பாட்டு வேளையில் எந்தப் பிள்ளையாவது தனியாக உட்கார்ந்திருந்தால் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவானாம். அவன் போன பிறகு துக்கம் கேட்க வந்த பிள்ளைகள் சொல்லித்தான் அது வீட்டுக்கே தெரியுமாம். அதனால் இந்தப் பரிசுக்கு மார்க் கேட்பதில்லை, எந்தக் கல்லூரி என்றும் கேட்பதில்லை. அந்தக் காரியத்தைச் செய்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். விண்ணப்பத்தோடு, பார்த்தவர் யாராவது ஒரு கடிதம் தர வேண்டும்.

இந்த வருடம் அந்தக் கடிதத்தை எழுதியது ஆசிரியர் இல்லை என்றார். சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை துடைத்து ஒழுங்குபடுத்தும் பெண்மணி. கடிதத்தை மேடையில் வாசித்தார். 10-ம் வகுப்பில் நடுவருடத்தில் குவாதமாலா நாட்டிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள், ஆங்கிலம் தெரியாது, ஜன்னலோர மேஜையில் தனியாக உட்கார்வாள், சில நாள் சாப்பிடவும் மாட்டாள். ஒரு நாள் இன்னொரு பெண் தன் சிநேகிதிகளை விட்டு எழுந்து போய் அவள் எதிரில் உட்கார்ந்தாள். மஞ்சள் நிறச் சோற்றை மூடியில் பாதி வைத்து நகர்த்தினாள். அன்றிலிருந்து இரண்டரை வருடம் அந்த மேஜைதான் அவர்கள் மேஜை. இப்போது அதில் ஆறு பேர் உட்காருகிறார்கள், துடைக்க நேரம் ஆகிறது...

மஞ்சள் சோறு என்றதும் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 10-ம் வகுப்பு நடுவில், "அம்மா, எலுமிச்சம்பழச் சாதம் இன்னும் கொஞ்சம் வை, பெரிய டப்பாவுல வை" என்று கேட்டுக் கொண்டுபோக ஆரம்பித்தவள். வளர்கிற பிள்ளை, பசிக்கிறது என்று நானும் வைத்தேன். காலி டப்பா வந்தது. தாய்க்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? புதன்கிழமையானால் தயிர்ச்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். அதுவும் இரண்டு பங்கு.

அப்புறம் பேரைக் கூப்பிட்டார்கள். நம் பேரை வெள்ளைக்காரர்கள் வாயில் போட்டால் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியுமே. ஆனால் அந்த அம்மாள் ஒத்திகை பார்த்திருக்கிறார். மெதுவாக, ஒரு எழுத்து விடாமல், அப்பா பேரோடு சேர்த்துச் சொன்னார். என் மாமியாருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. "நம்ம புள்ள! ஏத்தா, நம்ம புள்ளயத்தான் கூப்பிடுறாக!" என்று எழுந்து நின்றுவிட்டார்கள். பின்னால் உள்ளவர்களுக்கு மறைக்கிறதே என்று நான் சேலையைப் பிடித்து இழுத்தேன். "விடு. பாக்கட்டும்" என்றார்கள். எதைப் பார்க்கட்டும் என்றார்களோ!

பெண் மேடையேறினாள். அந்த அம்மாள் உறையைக் கொடுத்துவிட்டுக் கை குலுக்கத்தான் நீட்டினார். அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. கணவர் கோலை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் அவர்கள் அடுத்துச் சேரப்போகும் கல்லூரியின் பேரை வாசித்தார். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. எனக்கு மனசில் ஓடியதெல்லாம் இதுதான்: 26 வருடமாக ஒரு தாய் ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்தப் படியேறி, தன் மகன் வயதில் இருக்கிற ஒரு பிள்ளையை நிறுத்திப் பார்க்கிறாள். அவன் இருந்தால் 44 வயது இருக்கும். என் பிள்ளையைத் தொட்டுக்கொண்டு அவள் நிற்கும்போது, என் சந்தோஷத்தைச் சத்தமாகக் காட்டுவதா, அடக்கிக்கொள்வதா என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டினார்.

தொகை 750 டாலர். பின்வரிசை அம்மா தோளைத் தொட்டு, "நான் என் பையன்கிட்ட சொல்லிட்டிருந்தேன்... உங்க பொண்ணு அப்படித்தான்" என்றார். குரல் கம்மியிருந்தது. மனசார்ந்த வார்த்தைதான். அவருக்கும் பிள்ளை வெளியூர் போகிற துக்கம் உள்ளே இருக்குமே.

விழா முடிந்து வெளியே கூடத்தில் எலுமிச்சைச் சாறும் பிஸ்கெட்டும் வைத்திருந்தார்கள். பெண் யாரையோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த குவாதமாலாப் பெண்! அவளுக்கும் அன்று ஒரு பரிசு; ஆங்கிலம் புதிதாகக் கற்றவர்களில் சிறந்தவள் என்று. கூடவே அவளுடைய அம்மா. என் உயரம், என் நிறம், என்னைப் போலவே பின்னல். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "அரோஸ், அரோஸ்" என்றார், கண்ணில் நீரோடு. அவர்கள் மொழியில் சோறு, அரிசி எல்லாவற்றுக்கும் அதுதான் வார்த்தை என்று பெண் சொன்னாள்.

மாமியார் உடனே, "அரிசின்னு சொல்றாகளா? நம்ம பேச்சு மாதிரியே இருக்கேத்தா!" என்று அந்த அம்மாவின் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார்கள். ஆறு மாதத்தில் என் மாமியார் அமெரிக்காவில் மனம் விட்டுப் பேசிய ஒரே ஆள் அந்த அம்மாதான் என்று நினைக்கிறேன். இவர் தமிழில், அவர் ஸ்பானிஷில், கால் மணி நேரம்!

காரில் வரும்போது இவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பெண்ணிடம், "நாளைக்கும் லெமன் ரைஸ் கொண்டு போறியா?" என்று மட்டும் கேட்டார். "நாளைக்கு தயிர் சாதம்ப்பா, புதன்கிழமை" என்றாள்.

இங்கே எங்களைப் போல விசாவில் இருக்கிற சகோதரிகள் இதைப் படித்தால் அவர்களுக்காக இரண்டு வார்த்தை. பிள்ளை 12-ம் வகுப்புக்கு வந்ததுமே பள்ளி ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். நம் நிலைமையை ஒளிக்காமல் சொல்லுங்கள். பெரிய உதவித்தொகைகள் மூடியிருந்தாலும், ஊர்ச் சங்கங்களும் குடும்பங்களும் கொடுக்கிற சின்னத் தொகைகளில் சிலவற்றில் குடியுரிமை கேட்பதில்லை. பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள். ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை. பிள்ளையைத் தினமும் பார்க்கிறவர் யார் என்று யோசியுங்கள். இரண்டு வருடக் கல்லூரியென்றால், எந்தப் பாடத்தின் மதிப்பெண் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த 750 டாலர் உடனே கைக்கு வரவில்லை. உறையில் இருந்தது ஒரு கடிதம்தான். முதல் அரையாண்டு முடிந்து, கல்லூரியில் படிக்கிறாள் என்பதற்கு மதிப்பெண் தாளை அனுப்பினால் காசோலை வரும் என்று இருந்தது. டிசம்பரில் தாள் வந்தது. அதோடு, இப்போது யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று நாலு பக்கம் எழுதி அந்த அம்மாளுக்கு அனுப்பினாள். ஜனவரி இரண்டாம் வாரம் காசோலை வந்தது. உடன் கையால் எழுதிய ஒரு அட்டை: அந்த மஞ்சள் சோறு எப்படிச் செய்வது என்று உன் அம்மாவிடம் கேட்டு எழுது, என் கணவர் கேட்கிறார். கடுகு, கடலைப்பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்? ஒரு பொட்டலமாகக் கட்டி, செய்முறையும் எழுதி, தபாலில் போட்டேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
நியூ ஜெர்சி, அமெரிக்கா.